நீதிபதியின் துயரம்

மனம் வருந்திக்கொண்டே அநீதியான தீர்ப்பொன்றை விதித்த நீதிபதிக்கு, அவ்வருத்தம் கழுவாயாகுமா? இவ்வினாவை ஆராய்தற்கு, ஐக்கிய அமெரிக்காவின் உறுப்பாகிய வட கரோலினா இராச்சியத்து நீதியரசர் தோமஸ் றபினுடைய வரலாறு ஏற்ற சான்றாகும்.

1787 இற் பிறந்து, பிரின்ஸ்ரன் கல்லூரியிற் கற்று 1805 இல் தேறிய றபின், 1829 இல் அவ்விராச்சியத்து உயர் நீதிமன்றத்தில் அமர்ந்தார். 1833 முதல் 1852 வரை பிரதம நீதியரசராய் விளங்கினார். நியாயநூல் வல்ல றொஸ்கோ பவுண்ட், 1938 இல் வெளிவந்த தமது நூலில், அந்நாட்டின் தலைசிறந்த நீதிபதிகள் பதின்மருள் இவரை ஒருவராக எண்ணினார்.

அவர் நீதிமன்றம் புகுந்த காலத்தே ஒரு வழக்கு வந்தது. ஜோன் மான் என்பவன், லிடியா என்னும் அடிமைப்பெண்ணை அவளை உடையவளிடமிருந்து ஓராண்டுக்குக் கூலிக்குப் பெற்றிருந்தான். சிறு குற்றமொன்றுக்காக அவளைத் தண்டிக்கப் புகுந்தான், அவள் ஓடினாள், நில்லென்றும் நில்லாதவளைச் சுட்டுக் காயப்படுத்தினான். யூரர் அவனைக் குற்றவாளியெனக் கண்டனர். றபினோ அம்முடிவை மாற்றினார். உடையானது அதிகாரம் எல்லையற்றதானாலன்றி அடிமையின் கீழ்ப்படிவு நிறைவுறாதென்றும், கூலிக்குக் கொண்டவனுக்கும் அவ்வதிகாரம் உண்டென்றும் விதித்தார். இவ்வாறு விதித்தற்குத் தம் உள்ளம் கூசுகின்றதென்றும் அத்தீர்ப்பிலேயே எழுதினார். அடிமைமுறையைக் கடிந்தெழுதிய ஹரியற் பீச்சர் ஸ்ரோவும், தீர்ப்பை வெறுத்தாராயினும், எழுதியவருடைய உள்ளத்தை 1853 இற் பாராட்டினார்.

நீதிபதி சட்டத்தை ஆக்குவாரல்லர், உள்ளதை உரைப்பவரே. ஆதலால் றபின்மேற் பழியில்லை என்பார் உளர். அது பொருந்தாது. என்னை? முதலாவது, வேறு வழி அடைபட்டிருக்கவில்லை. தண்டனை கொடியதும் குற்றத்துக்கு மிஞ்சியதுமாயின் மான் குற்றவாளியாவான் என்றே கீழ்நீதிமன்ற நீதிபதி யூரருக்கு உரைத்திருந்தார். இரண்டாவது, 1834 இல் அதே உயர் நீதிமன்றத்தில், தப்பியோடுகையிற் சுடப்பட்டுப் பின் கண்காணியைக் கொன்ற வில் என்னும் அடிமையின் வழக்கில், அது கொலைக்குற்றமன்று, அதனிற் குறைந்த குற்றமேயென நீதியரசர் வில்லியம் காஸ்ரன் தீர்த்தார். அடிமையும் உயிரச்சமுடைய மனிதனே என்பதை அவர் சட்டத்தினுள்ளேயே கண்டார். மூன்றாவது, றபின் தாமும் அடிமைகளை உடையவர். 1820 களில் அடிமை வாணிகத்திற் பங்காளியாயுமிருந்தவர். தமக்கு ஊதியந்தரும் முறையைத் தவிர்க்கலாகாத விதியென்று உரைப்பவருடைய துயரத்தை அளந்தே ஏற்றல் வேண்டும்.

எனவே, இரக்கத்துக்கு அளவுகோல் கண்ணீரன்று, தேடலேயாம். விதி கொடிதெனக் கண்டவன் அதனுள் அறத்துக்கு இடமுண்டோவென இறுதிவரை தேடினானா என்பதே கேள்வி. தேடியும் காணாதவன் துயரம் மதிக்கத்தக்கது. தேடாதவன் துயரம் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளுதலன்றிப் பிறிதில்லை. றாலி நகரில் நீதிமன்ற வாயிலில் நின்ற றபினுடைய சிலை 2020 இல் அகற்றப்பட்டது.

ஆசிரியர்காள்! நீதிபதியின் ஆசனம் நமக்கில்லையாயினும், விதியும் பிரம்பும் நம் கையில் உள்ளன. "விதி அவ்வாறு; யான் யாது செய்வேன்?" என்று ஒரு பிள்ளையை நோக்கிக் கூறுமுன், அவ்விதியை முழுதும் வாசித்தோமா என்று நம்மை நாமே வினாவுதல் கடன்.