பட்டதும் தொட்டதும்

"நான் ஒண்ணும் பண்ணலப்பா, கை பட்டுடுச்சு." அம்மாவின் ஃபோனிலிருந்து நேரங்கெட்ட நேரத்தில் யாருக்காவது வீடியோ கால் போய்விட்டால் வரும் விளக்கம் இது. இந்த வாக்கியத்தின் எழுவாய் கைதான், அம்மா இல்லை. 'தொட்டேன்' என்றால் செய்தவர் உண்டு, பொறுப்பும் உண்டு. 'பட்டுவிட்டது' என்றால் நிகழ்ந்தது மட்டுமே உண்டு. அன்றாடப் பேச்சில் இவ்வளவு கூர்மையான அறவியல் பிரிவினையை நாம் யோசிக்காமலே செய்துகொண்டிருக்கிறோம். கண்ணாடித் திரைக்கு அது தெரியுமா என்பதுதான் என் கேள்வி. தொடுதிரை ஃபோன்கள் புதிதாக வந்த 2007, 2008 வாக்கில், ஒவ்வொரு கருவியும் இதற்கு ஒவ்வொரு பதில் வைத்திருந்தது.

2008-இல் வந்த நோக்கியா 5800-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் திரை 'ரெசிஸ்டிவ்' வகை. மின்சாரம் கடத்தும் இரண்டு படலங்கள், நடுவில் மெல்லிய இடைவெளி. அழுத்தினால் மேல்படலம் வளைந்து கீழ்ப்படலத்தில் முட்டும், அந்த இடம் பதிவாகும். விரல், நகம், பேனா மூடி, எதுவானாலும் சரி. பெட்டிக்குள்ளேயே ஒரு ஸ்டைலஸும், கிடார் வாசிப்பவர்கள் வைத்திருக்கும் வில்லை போன்ற ஒன்றும் கொடுத்தார்கள். விடுதியில் பக்கத்து அறை நண்பனிடம் இந்த ஃபோன் இருந்தது. கட்டைவிரல் நகத்தை இதற்கென்றே வளர்த்திருந்தான். யார் தொடுகிறார்கள் என்பது அந்தத் திரைக்கு முக்கியமில்லை. அழுத்தம் வேண்டும், அவ்வளவுதான். லேசாகப் பட்டால் அது அசைந்துகொடுக்காது.

2007-இல் வந்த ஐஃபோனின் 'கபாசிடிவ்' திரை இதற்கு நேர் எதிர். விரல் நெருங்கும்போது மின்புலத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தை அது அளக்கிறது. அழுத்தம் தேவையே இல்லை. நகத்தை மதிக்காது, கம்பளிக் கையுறையை மதிக்காது. உடம்பு இருந்தால் போதும், விருப்பம் இருக்கிறதா என்று கேட்காது. அதை வடிவமைத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பேசும்போது கன்னம் பட்டு ஏதாவது ஆகிவிடக் கூடாதென்று, முகம் நெருங்கினால் திரையை அணைக்கும் சென்சாரை வைத்தார்கள். கன்னமும் உடம்புதானே. பூட்டைத் திறக்க வெறுமனே தொட்டால் போதாது, ஒரு துண்டை இடமிருந்து வலமாக இழுக்க வேண்டும் என்றார்கள். தற்செயலாகப் படுகிற கை அவ்வளவு ஒழுங்காக இழுக்காது என்ற நம்பிக்கை.

இதைவிட நுட்பமான வேலி ஒன்றும் உண்டு. ஐஃபோனில் ஒரு பொத்தானில் விரல் வைத்ததும் எதுவும் நடப்பதில்லை. அதே பொத்தானின் மேல் விரலை எடுக்கும்போதுதான் நடக்கும். மனம் மாறினால் விரலை அப்படியே வெளியே நகர்த்திவிட்டு எடுக்கலாம், ஒன்றும் ஆகாது. கீபோர்டிலும் அப்படித்தான், தப்பான எழுத்தில் விரல் விழுந்தால் சரியான எழுத்துக்கு நகர்த்தி எடுக்கலாம். இது ஆப்பிள் கண்டுபிடித்ததல்ல. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மனும் சக ஆய்வாளர்களும் 1988-லேயே, விரல் இறங்கும் கணத்தைவிட எடுக்கும் கணத்தைத் தேர்வாகக் கொண்டால் பிழை குறைகிறது என்று எழுதிவிட்டார்கள். சதுரங்க விதியும் கிட்டத்தட்ட இதுதான். தொட்ட காயை நகர்த்தியாக வேண்டும், ஆனால் எந்தக் கட்டம் என்பது காயை விட்டுக் கையை எடுக்கும்போதுதான் முடிவாகிறது. சதுரங்கம் ஆடுபவருக்கு இந்த விதி தெரியும். ஃபோன் வைத்திருக்கும் எத்தனை பேருக்குத் தெரியும்? என் அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை.

2008 கடைசியில் பிளாக்பெர்ரி ஸ்டார்ம் வேறொரு வழியை முயன்றது. தொட்டால் அந்த இடம் ஒளிரும், அவ்வளவுதான். காரியம் நடக்க வேண்டுமென்றால் இன்னும் அழுத்த வேண்டும். மொத்தத் திரையும் ஒரே பொத்தானாகக் 'க்ளிக்' என்று உள்ளே இறங்கும். சந்தையில் கத்தரிக்காயைத் தொட்டுப் பார்ப்பது வேறு, கூடையில் போடுவது வேறு. அந்த வேறுபாட்டைக் கருவிக்குள்ளேயே கட்டியவர்கள் அவர்கள். ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் திரையை அமுக்கியே டைப் செய்ய வேண்டும் என்றால் கட்டைவிரல் என்னத்துக்காகும்? 'சரி' என்று அனுப்புவதற்கும் வீட்டை எழுதிக்கொடுப்பதற்கும் ஒரே பாரத்தை வைத்தால் பாரத்துக்கு மதிப்பிருக்காது. விமர்சகர்கள் கிழித்தார்கள், ஃபோன் தோற்றது, கூடவே அந்த யோசனையும் தோற்றதாக எடுத்துக்கொண்டார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

ஏனென்றால் அடுத்த வருடமே அதே பிரிவினை வேறு வாசல் வழியாக வந்து வேலை செய்தது. 2009-இல் ஐஃபோன் 3ஜிஎஸ்ஸில் பார்வையற்றவர்களுக்கான வாய்ஸ்ஓவர் வந்தது. விரலை வைத்தால் அங்கே என்ன இருக்கிறதென்று ஃபோன் சொல்லும். திறக்க வேண்டுமென்றால் இரண்டு முறை தட்ட வேண்டும். தடவிப் பார்க்கும் உரிமை, தடவியதற்காகத் தண்டிக்கப்படாமல். பார்வை உள்ளவர்களுக்கு இது தேவையில்லை, அவர்கள் கண்ணாலேயே தடவிவிடுவார்கள் என்பது எதிர்வாதம். கண் தெரிந்தாலும் என்ன எழுதியிருக்கிறதென்று புரியாமல் தொடுபவர்கள் இந்தக் கணக்கில் எங்கே வருகிறார்கள்?

நான் வேலை செய்யும் துறையில் ஒரு தட்டைக் குறைத்தால் அது சாதனை. வாங்க மூன்று தட்டு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். ரத்து செய்யும் பாதையில் மட்டும் யாரும் குறைக்கக் கேட்பதில்லை. கையின் சிரமத்தைக் குறைப்பது மரியாதைதான், அதை நான் மறுக்கவில்லை. படிக்க, புரட்ட, பாட்டை மாற்ற எல்லாம் தொடுதல் காற்றுபோல இருக்கட்டும். திரும்பப் பெற முடியாத காரியத்தில் கை கொஞ்சம் கனக்க வேண்டும். அங்கே இலகுவாக்குபவர் என் சிரமத்தைக் குறைக்கவில்லை, என் யோசனையைக் குறைக்கிறார்.

ஒரு வாடிக்கையாளர், தான் கேட்காத சேவைக்குப் பணம் போய்விட்டதாக எழுதியிருந்தார். "தெரியாம கை பட்டிருக்கும்" என்பது அவர் கட்சி. "தொட்டிருக்காரு சார், லாக் இருக்கு" என்பது எங்கள் கட்சி. லாகைத் திறந்து பார்த்தேன். நேரம் இருந்தது, திரையில் எந்த இடம் என்பது இருந்தது, நிகழ்வின் பெயர் 'டாப்' என்று இருந்தது. விரல் எவ்வளவு நேரம் அங்கே இருந்தது என்பதையும் சேர்த்துப் பதிவு செய்யலாமே என்று கேட்டேன். சேமிப்புச் செலவு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.