வெளியேற்றிய வெப்பம் யாருடையது?

பொதுவாக மின்சாரத்தின் துணையால் வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் சேர்க்கும் பொறி வெப்பப் பம்பு எனப்படும். பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன், இத்தகைய பொறியால் கட்டடங்களைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் இயலும் என்று 1852இல் விளக்கினார். குளிர்நாடுகளில் வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் கொணரும் அதே பொறி, சென்னையை அடுத்த நாவலூரின் அடுக்ககங்களில் ஏசி என்ற பெயரில் வீட்டின் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது.

ஒரு டன் ஏசி அறையிலிருந்து 3.5 கிலோவாட் அளவில் வெப்பத்தை எடுக்க 1 கிலோவாட் மின்சாரத்தைச் செலவிட்டால், வெளியே வந்து சேர்வது 4.5 கிலோவாட். சிக்கனமான பொறி அந்த ஒன்றைக் குறைக்குமேயன்றி, அறையிலிருந்து எடுத்த மூன்றரையை இல்லாமல் ஆக்காது. உள்ளது முற்றாக அழிவதில்லை என்று கொள்ளும் சைவ சித்தாந்தத்தின் சற்காரியவாதம், அதாவது காரியம் தன் காரணத்திலேயே அடங்கியுள்ளது என்னும் கொள்கை, இங்கே நினைவுக்கு வரலாம். ஆயினும் தத்துவக் கொள்கை வேறு, அளந்து நிறுவிய இயற்பியல் விதி வேறு என்பதை, இரண்டையும் ஒன்றென மேடைகளில் முழங்குவோர் மறந்துவிடுகின்றனர்.

வெளியேற்றிய வெப்பத்துக்கு யார் பொறுப்பு என்னும் கேள்விக்கு நெருங்கி உதவுவது சமணமே. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையைப் பிரமத்த யோகத்தோடு, அதாவது கவனமற்ற செயற்பாட்டோடு, இணைத்து வரையறுக்கிறது. எனவே தீங்கு செய்யும் எண்ணம் இல்லை என்பது மட்டும் ஒருவரை விடுவித்துவிடாது. கத்திரி வெயிலில் முதல் மாடியின் அவுட்டோர் யூனிட் ஊதும் அனல், கீழே இஸ்திரி வண்டியில் கரிப்பெட்டியோடு நிற்பவர் முகத்தில் படுமானால், அந்த யூனிட்டை அங்கே பொருத்தச் சொன்னவரின் கவனமின்மையே அத்தீங்கின் வேர். கேஸ் நிரப்பும்போது எஞ்சிய வாயுவைக் காற்றில் திறந்துவிடுவதும் அவ்வகையினதே. ஏசிகளில் பயன்படும் ஆர்-32 என்னும் வாயு, நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 675 மடங்கு புவியைச் சூடாக்க வல்லது.

உடல் நலிந்தோர்க்கும் குழந்தைகட்கும் குளிர்ச்சி தேவையாதலின், ஏசியையே துறக்கச் சொல்வது அறமாகாது. வெளியேறும் வெப்பத்தின் ஒரு பகுதியைக் குளியல் நீரைச் சூடாக்கத் திருப்பும் அமைப்புகள் உள்ளன. இந்தியாவில் 2020 முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகளில் 24 டிகிரியே இயல்நிலையாக வைக்கப்படுகிறது. எனினும் யூனிட் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை எந்தப் பொறியும் தீர்மானிப்பதில்லை. நாவலூரின் குடியிருப்போர் சங்கங்கள் அதனை மெக்கானிக்கின் வசதிக்கு விட்டுவிடாமல், நடைபாதையையும் அடுத்த வீட்டுச் சன்னலையும் பார்த்த பின்பே அனுமதி அளிக்க வேண்டும்.