ஊருக்குப் புறம்பே

ஒரு மனிதனை வெறுப்பதென்று சமூகம் முடிவு கட்டிவிட்டால், முதலில் அவன் இருக்கும் இடத்தைத்தான் மாற்றுகிறது. ஏச்சும் பேச்சும் அதற்குப் பிறகு வருவன. குடியிருப்புக்கு அப்பால், பொதுக் கிணற்றுக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் எட்டாத தூரத்தில் ஓர் இடத்தைக் காட்டி, அதுவே அவனுடைய யோக்கியதைக்கு ஏற்ற இடம் என்று அவனையே நம்பும்படி செய்துவிடுகிறது. லேவியராகமத்தின் 13ஆம் அதிகாரம் இதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. குஷ்டரோகி என்று ஆசாரியன் தீர்ப்புச் சொன்னவன், கிழிந்த வஸ்திரத்தோடும் கலைந்த தலையோடும் மேலுதட்டை மூடிக்கொண்டு, தன் தீட்டைத் தானே உரக்கக் கூவிக்கொண்டு, ஜனங்கள் தங்கும் பாளயத்துக்கு வெளியே தனித்து வசிக்க வேண்டும் என்பது பிரமாணம். அந்நூல் குறிக்கும் நோய் இன்று வைத்தியர்கள் தொழுநோய் என்று சொல்லும் வியாதிதானா என்பதில் அறிஞர்களுக்குச் சந்தேகம் உண்டு. தோலில் தோன்றும் படைகளும் புண்களும் பலவும் ஒரே பெயரின்கீழ் அடங்கியிருக்கலாம். தண்டனை மட்டும் எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தது. அதிலும் கொடியது, விலக்கப்பட்டவனின் வாயே அவனை விலக்கும் வேலையைச் செய்ய வேண்டும் என்பது.

மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் அப்படிப்பட்ட ஒருவன், பிரமாணம் விதித்த தூரத்தைத் தாண்டி, இயேசுநாதரின் முன் வந்து முழங்கால்படியிடுகிறான். உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க முடியும் என்ற கருத்துப்பட அவன் வேண்டுகிறான். அவருடைய வல்லமையில் அவனுக்கு ஐயமே இல்லை. தன்னைப் போன்ற ஒருவனுக்காக அவர் மனம் இசைவாரா என்பதுதான் ஐயம். நெடுங்காலம் வெறுக்கப்பட்டவனுக்கு வரும் ஐயம் அது. இயேசுநாதரோ மனதுருகிக் கையை நீட்டி, அவனைத் தொட்டு, அதன் பிறகே சுகமளிக்கும் வார்த்தையைச் சொல்கிறார்.

அவனைக் குணமாக்க அந்த ஸ்பரிசம் அவசியமாக இருந்ததா? மத்தேயு இதே நிகழ்ச்சியைச் சொன்ன கையோடு, நூற்றுக்கதிபதியின் வேலைக்காரன் வீட்டில் கிடந்தபடியே, எங்கோ நின்று சொல்லப்பட்ட ஒரு வார்த்தையால் குணமடைந்ததையும் சொல்கிறார். லூக்கா 17ஆம் அதிகாரத்தில் பத்துக் குஷ்டரோகிகள் தூரத்தில் நின்றபடியே கூப்பிட்டு, நடந்து போகும் வழியிலேயே சுத்தமடைகிறார்கள். ஆகவே நோய் தீருவதற்குத் தொடுதல் தேவைப்படவில்லை. அது வேறொன்றுக்குத் தேவைப்பட்டது. தோல் சுத்தமான பின் தொட்டிருந்தால் அது சுத்தமானவனைத் தொட்டதாகும். தீட்டு இருக்கும்போதே தொட்டதனால், தீட்டுள்ளவன் என்று ஊர் ஒதுக்கிய அதே ஆள், அதே நிலையில், ஏற்கப்பட்டான்.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. யாருக்கும் சொல்லாதே என்று கட்டளை பெற்றும் அவன் ஊரெங்கும் சொல்லித் திரிந்ததால், இயேசுநாதர் வெளிப்படையாக ஒரு பட்டணத்துக்குள்ளும் போக முடியாமல் வனாந்தரமான இடங்களில் தங்க வேண்டியதாயிற்று என்று மாற்கு முடிக்கிறார். ஜனக்கூட்டத்தின் நெருக்கமே அதற்கு அவர் சொல்லும் காரணம். நான் அதை மறுக்கவில்லை. எனினும் அதிகாரத்தின் முடிவில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். வெளியே இருந்தவன் ஊருக்குள் இருக்கிறான். உள்ளே இருந்தவர் வெளியே இருக்கிறார். எபிரெயருக்கு எழுதிய நிருபமும் அவர் நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டதை நினைவூட்டி, விசுவாசிகளையும் அங்கேயே அழைக்கிறது. கிறிஸ்தவக் கருணை என்று ஒன்று தனியாக இருக்குமானால், அதன் அடையாளத்தை நான் இங்கேதான் காண்கிறேன்: கொடுப்பவன் நிற்கும் இடத்தை மாற்றாத கருணை இன்னும் அந்தக் கருணை ஆகவில்லை.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில், பசித்தவனுக்கும் நோயாளிக்கும் சிறையில் இருப்பவனுக்கும் செய்தது தமக்கே செய்ததாகும் என்று கிறிஸ்து சொல்கிறார். அப்படியானால் கிறிஸ்தவன் ரோகியைத் தொடும்போது உண்மையில் ரோகியையா தொடுகிறான்? அவனுக்குள் மறைந்திருக்கும் தன் ஆண்டவரைத் தேடி, அந்த மனிதனை ஒரு வாசற்படியாக மிதித்துக்கொண்டு போகிறானா? பக்தியின் பெயரால் செய்யப்படும் எத்தனையோ சேவையில் இந்தக் குறை உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். சேவை பெறுகிறவன் அதை உடனே கண்டுகொள்கிறான். ஆனால் அந்த உவமையின் நீதிமான்கள் தீர்ப்பின் நாளில் திகைத்து நிற்கிறார்கள். எப்போது உம்மைக் கண்டோம் என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கண்டது பசித்த ஒருவனை, அவ்வளவே. புண்ணியக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு உதவியிருந்தால் அந்தத் திகைப்புக்கு இடமேது?

திருச்சபையின் சரித்திரத்தில் இவ்விஷயம் ஒரே சீராக ஓடவில்லை. 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம் குஷ்டரோகிகளுக்குத் தனிக் கோயிலும் தனிக் கல்லறையும் இருக்க வழி செய்தது. கோயிலே இல்லாமல் கிடந்தவர்களுக்கு அது உபகாரமே; ஆயினும் பிரிவினை அதனால் உறுதிப்படவும் செய்தது. அதற்குச் சில தசாப்தங்களுக்குப் பின், அசிசி நகரத்துப் பிரான்சிஸ் மரணத் தறுவாயில் எழுதிவைத்த சாசனத்தில், குஷ்டரோகிகளைக் காண்பதே தமக்குக் கசப்பாக இருந்ததென்றும், ஆண்டவர் தம்மை அவர்கள் நடுவே நடத்திச் சென்றபின் அந்தக் கசப்பே இனிமையாயிற்றென்றும் குறிப்பிடுகிறார். தம் மனமாற்றத்தின் தொடக்கமாக அவர் சொல்வது இதைத்தான்.

ஆனால் இந்தக் கேள்வி முழு உருவத்தோடு எழுந்து நின்ற இடம் பசிபிக் சமுத்திரத்தில் இருக்கிறது. ஹவாய் இராச்சியம் 1865இல் தொழுநோயாளிகளைப் பிரித்து வைக்கச் சட்டம் இயற்றியது. 1866 ஜனவரியில் முதல் நோயாளிகள் மொலோக்காய்த் தீவின் வடகரையில் உள்ள கலாவாவோவில் இறக்கப்பட்டார்கள். மூன்று பக்கமும் கடல், நான்காவது பக்கம் செங்குத்தான மலைச்சுவர். சிறைச்சாலை கட்டும் செலவை இயற்கையே மிச்சப்படுத்திவிட்டது. சட்டம் நீங்கிய 1969ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 8,000 பேர் அங்கே அனுப்பப்பட்டார்கள்.

அங்கே கருணையைக் கொண்டுவந்தவர் டேமியன் பாதிரியார் என்று சொல்வது வழக்கம். அவருடைய மகிமையைச் சிறிதும் குறைக்க நினையாமலே, அது சரியன்று என்று சொல்ல வேண்டும். அவர் வருவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1866இலேயே, நோயாளிகளில் 35 பேர் சேர்ந்து சீலோவாமா என்ற பெயரில் ஒரு புரோட்டஸ்டண்டு சபையை அங்கே நிறுவியிருந்தார்கள். நோயே இல்லாத ஹவாய் மக்கள் பலர், கணவனைப் பிரிய மாட்டேன் என்றும் பிள்ளையைத் தனியே விட மாட்டேன் என்றும், கப்பலேறிக் கூடவே போய் அவ்விடத்திலேயே வாழ்ந்தார்கள். அந்தச் சுதேசிகளுக்கு நோயாளியைக் கண்டு ஓடும் பழக்கம் இல்லை. அச்சத்தைச் சட்டமாக்கிக் கொடுத்தவர்கள், வேதத்தைக் கொண்டுவந்த அதே நாகரிகத்தைச் சேர்ந்தவர்கள். இதைப் படிக்கும் கிறிஸ்தவன் வெட்கப்படத்தான் வேண்டும்.

பெல்ஜியத்தின் திரெமெலோ கிராமத்தில் 1840இல் பிறந்த டேமியன், 1873 மே 10ஆம் தேதி, தமது 33ஆம் வயதில் கலாவாவோவில் இறங்கினார். முதலில் குருமார் சிலர் முறைவைத்துப் போய்வருவதாகவே ஏற்பாடு. அவர் போனார், திரும்பவில்லை. அவருடைய கடிதங்களில் என்னை நிறுத்துவது ஒரு சிறு செய்தி. நோயாளிகளின் குடிசைகளில் குருத்துவக் கடமைகளைச் செய்யும்போது, புண்களின் துர்நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி மூச்சு வாங்க வேண்டியிருந்ததையும், அந்த நாற்றத்துக்கு மாற்றாகவே புகை பிடிக்கத் தொடங்கியதையும் அவர் கூசாமல் எழுதுகிறார். அருவருப்பு இல்லாதவர் அல்லர் அவர். வெளியே ஓடியவர் மறுபடி உள்ளே போனார். அந்தப் புகைக்குழாயையே பிறகு நோயாளிகளோடு பகிர்ந்துகொண்டார். ஊறிய சேப்பங்கிழங்கு மாவை அவர்கள் கைவிட்டு எடுத்த அதே பாத்திரத்திலிருந்து எடுத்து உண்டார். வந்த வருஷமே தம் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில், பிரசங்கத்தில் நோயாளிகளையும் தம்மையும் ஒன்றாகச் சேர்த்து, நாம் குஷ்டரோகிகள் என்றே பேசுவதாகக் குறிப்பிட்டார். அப்போது அவர் உடம்பில் நோயின் சுவடே இல்லை. 1884 டிசம்பரில் கொதிக்கும் வெந்நீரில் கால் பட்டுத் தோல் கொப்பளித்தும் வலி தெரியாதபோது, நெடுநாள் சொல்லிவந்தது அவர் தேகத்திலும் மெய்யாகியிருப்பது தெரிந்தது. 1889 ஏப்ரல் 15ஆம் தேதி இறந்தார்.

நோய் தொற்றியதால்தான் அவர் புனிதர் என்று கருதுவது தவறு. 1888இல் அங்கே சென்ற அன்னை மரியன் கோப், கை கழுவும் சுத்தத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்து, சகோதரிகளோடு நோயாளிப் பெண்களைப் பேணி, 1918 வரை வாழ்ந்தார். அவருக்கு நோய் தொற்றவே இல்லை. அவரும் டேமியனுக்குச் சற்றும் குறையாமல் வெளியே போய் நின்றவரே. டேமியன் இறந்தபின் ஹொனலூலுவைச் சேர்ந்த ஹைட் என்ற போதகர், அவர் அழுக்கானவர் என்றும் ஒழுக்கக் கேட்டினாலேயே நோய் வந்ததென்றும் எழுதிய கடிதம் அச்சேறியது. அதைக் கண்டித்து ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1890இல் வெளியிட்ட பகிரங்கக் கடிதம் உலகப் பிரசித்தம். எனக்கு அந்தச் சண்டையில் முக்கியமாகப் படுவது வேறு: வெறுக்கப்பட்டவர் பக்கம் போய் நின்றவனுக்கு அந்த வெறுப்பிலும் பங்கு கிடைத்துவிடுகிறது. அவன் பெயரும் கெடுகிறது. நற்பெயர் கெடாமல் கருணை காட்ட விரும்புகிறவர்களே நம்மில் அதிகம்.

நம் நாட்டுக்கு வருவோம். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு அறுவை வைத்தியராக வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிப்போன விரல்களையுடைய ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து இறுகப் பிடிக்கச் சொன்னபோது, வலி எடுக்கும்படி அந்தப் பிடி இருந்ததைக் கண்டு வியந்தார். விரல்கள் அழுகி உதிர்வதில்லை, உணர்ச்சியற்றுப் போனதால் காயம்பட்டுத் தேய்கின்றன என்றும், கெடாத தசைகளின் நாணை எடுத்து மாற்றிப் பொருத்தினால் மடங்கிய விரலை நிமிர்த்தலாம் என்றும் அவருடைய ஆராய்ச்சி காட்டியது. அந்த ஆராய்ச்சிக்கு முதல் வாசல் ஒரு கைகுலுக்கலே. இன்னொரு நாள், ஒரு நோயாளியின் தோளில் கையை வைத்துக்கொண்டு அவர் சிகிச்சையை விளக்கிக்கொண்டிருக்க, அந்த மனிதர் தேம்பி அழத் தொடங்கினார். தப்பாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்று பிராண்ட் கேட்க, பல வருஷங்களாக யாரும் அவரைத் தொட்டதில்லை, அதனால்தான் அழுகிறார் என்று மொழிபெயர்த்து உதவியவர் சொன்னார்.

நிமிர்ந்த விரல்களோடு ஊருக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். வேலை கொடுப்பார் இல்லை. குடியிருக்க வீடு விடுவாரும் இல்லை. முன்னே பிச்சையாவது கிடைத்தது. இந்தக் கையைப் பார்த்து இப்போது யாரும் இரங்கவில்லையே என்று அவர்கள் வருந்தியதைப் பிராண்ட் பதிவு செய்திருக்கிறார். பிச்சை இடும் கருணையைப் பற்றி இதைவிடக் கடுமையான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை. அதற்கு ஊனமுற்ற கை வேண்டியிருந்தது. கை குணமானதும் கருணை விலகிக்கொண்டது, வெறுப்பு மட்டும் நின்றது. பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் வேலூரில் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே மண் குடிசைகள் கட்டி, நோயாளிகளைக் குடியமர்த்தி, தச்சுவேலை முதலிய தொழில்களைக் கற்பித்தார்கள்.

சட்டமும் இந்த வெறுப்புக்கு நெடுங்காலம் காவல் நின்றது. தொழுநோய் மணமுறிவுக்கு ஒரு காரணமாகலாம் என்ற விதி 2019இல்தான் நீக்கப்பட்டது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் மட்டுமல்ல, கிறிஸ்தவருக்குரிய மணமுறிவுச் சட்டத்திலும் அவ்விதி இருந்தது. கூட்டு மருந்துச் சிகிச்சை 1980களிலேயே வந்துவிட்டது; நோய் போக வழி பிறந்தபின்னும் விதி அகல அத்தனை வருஷங்கள் சென்றன.

நோயாளியை விட்டு, நோயே இல்லாதவனைத் தள்ளிவைக்கும் விஷயத்துக்கு வந்தால், தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு இன்னும் சங்கடமான கேள்வி காத்திருக்கிறது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டி முடிக்கப்பட்ட தேவாலயம், ஒரே பீடத்தை நோக்கிச் சாய்ந்த இரண்டு கூடங்களாக, மேல்சாதியார் ஒருபுறமும் மற்றவர் மறுபுறமும் இருக்கும்படி அமைந்திருந்தது. குருவானவருக்கு இரு கூடங்களும் தெரியும். ஜனங்கள் ஒருவர் மீது ஒருவர் பட வேண்டியதில்லை. 1910இல் இடைச்சுவர் இடிக்கப்பட்டது. அதை மீண்டும் எழுப்பித் தரும்படி மேல்சாதி விசுவாசிகள் ஆயர்மீது தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றது. தொழுநோயாளிக்காகக் காணிக்கைப் பெட்டியில் காசு போடத் தயங்காத கைகளே, பக்கத்தில் முழங்கால்படியிடும் சகோதரன் மேல் படாதிருக்க நீதிமன்றப் படியேறின. ஆலயத்தில் போன சுவர் சில ஊர்களின் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களில் இன்றும் போகவில்லை. அந்த ஊர்களில் குருவானவர் இயேசுநாதர் குஷ்டரோகியைத் தொட்டதைச் சொல்லும் மத்தேயு 8ஆம் அதிகாரத்தை வாசித்துப் பிரசங்கம் செய்யும் ஞாயிற்றுக்கிழமையன்றே, அந்தச் சுவரைப் பற்றியும் பீடத்தில் நின்று பேச வேண்டும். பேசினால் அவருக்கும் நற்பெயர் மிஞ்சாது என்பதை அறிந்தே பேச வேண்டும்.