தெய்வத்தின் காடும் மனிதரின் கடமையும்

ஊரின் எல்லையில், ஏரிக்கரையை ஒட்டி, மண்குதிரைகள் சூழ வீற்றிருக்கும் ஐயனாரின் காட்டிலிருந்து உதிர்ந்த சுள்ளியைக்கூட வீட்டிற்கு எடுத்துச் செல்லலாகாது என்னும் நியதியைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பல, தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கின்றன. மீறுவோரைத் தெய்வம் தண்டிக்கும் என்ற அச்சமே அந்நியதிக்குக் காவலாக நின்றது. அச்சத்தினால் விளையும் நன்மை தர்மம் ஆகுமா, அறிவு வளர்ந்த இக்காலத்தில் அவ்வச்சம் இனியும் வேண்டுமா என்ற வினாவை, இயற்கையைப் பேணுவது குறித்துக் கிராம மக்களிடம் பேசப் புகும் எவரும் முதலில் சிந்தித்துப் பார்த்தல் வேண்டும்.

அந்த அச்சம் சாதித்தது சிறிதன்று. கிழக்குக் கரையை ஒட்டிய மாவட்டங்களில், உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலார் கூறும் வனவகையின் எச்சங்கள் பல, கோயிற்காடுகளாகவே உயிர் தரித்து நிற்கின்றன. வீரையும் உசிலையும் நெருங்கி வளரும் அக்காடுகளில், எவரும் வாரிச் செல்லாத சருகு மண்ணை மூடியிருப்பதால், பெய்த மழை விரைந்தோடாமல் நிலத்தினுள் இறங்கி, சுற்றியுள்ள கிணறுகளின் நீரூற்றைப் போஷிக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டியில் 4.97 ஹெக்டேர் பரப்புள்ள வீரகோயில் காட்டை அரசாங்கம் 2025ஆம் ஆண்டில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அதற்கு முன்பே நெடுங்காலம் அதனைக் காத்து நின்றது அவ்வூராரின் பக்தியே.

காடு சாமிக்குச் சொந்தம் என்று ஊரார் கொண்ட நம்பிக்கையில் ஆழ்ந்த தத்துவம் அடங்கியிருக்கிறது. தெய்வத்திற்கு உரியதைத் தனியொருவன் அபகரிக்க இயலாது. அதன் நிழலையும் நீரையும் அனைவரும் அனுபவிக்கலாம். அனைத்தும் ஈசனுக்கு உரியது என்ற ஞானத்தையும் பேராசையைத் துறத்தலையும் ஒருங்கே இணைத்த ஈசாவாஸ்ய உபநிஷத்தின் கருத்தை, ஏட்டுப் படிப்பறியாத குடியானவர்கள் தங்கள் வாழ்க்கையில் அனுஷ்டித்துக் காட்டினார்கள்.

ஆயினும், அச்சத்தின் ஆட்சி காட்டின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. சாமியின் மரத்தைத் தொட அஞ்சுபவரே, ஏரிக்கு நீர் வரும் வாய்க்காலை அடைத்துப் பயிரிடக் கூசுவதில்லை. பக்தி ஆடம்பரமாகத் திரிந்துவிட்ட ஊர்களிலோ, சிமெண்டு மண்டபம் எழுப்புவதற்காக அத்தெய்வத்தின் பெயராலேயே மரங்கள் வெட்டப்படுகின்றன. திருவிழா முடிந்தபின் பிளாஸ்டிக் பைகள் காடெங்கும் சிதறிக் கிடக்கின்றன. வெறுமையான இடத்தில் சீமைக் கருவேலம் புகுந்து பரவுகிறது. காரணம் அறியாமல் காக்கப்பட்ட பொருள், காரணம் அறியாமலே அழியவும் கூடும்.

ஆகவே பக்திக்கு அறிவும் பொறுப்பும் துணை நிற்றல் வேண்டும். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், கோயிற் சுவரிலேயே, ஏரியைப் பேணும் குழுவாகிய ஏரி வாரியத்தின் அமைப்பைப் பொறித்து வைத்து, முன்பு பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் இடம்பெறலாகாது என்று விதிக்கின்றன. நீரைக் காக்கும் பணியில் தெய்வ சந்நிதானமும் கணக்கும் இணைந்தே இருக்க வேண்டும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். அவ்வாரியத்தை அமைத்த அன்றைய ஊர்ச் சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது. இன்றைய கிராம சபையோ ஆண், பெண், சாதி என்ற பேதமின்றி ஊரின் வாக்காளர் அனைவருக்கும் உரியது.

அச்சம் தர்மத்தின் தொடக்கம். அறிவு அதன் வளர்ச்சி. பிற உயிர்களும் இனிப் பிறக்கப்போகும் குழந்தைகளும் வாழ வேண்டும் என்ற கருணையே அதன் பூரணம். எனவே, கிராமங்களுக்குச் செல்லும் அதிகாரிகளும் ஆசிரியர்களும் ஐயனாரை மூடநம்பிக்கை என்று இகழாமல், அவர் காட்டின் சருகு எவ்வாறு கிணற்றில் நீராகிறது என்பதை விளக்கிச் சொல்வார்களாக. ஊர்ப் பெரியோர்களும் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்வதோடு நின்றுவிடாமல், காடு அழிந்தால் நீர் வற்றும் என்பதையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பார்களாக. கோயிற்காட்டின் எல்லை எது, வரத்து வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்; அதுவும் தெய்வத்திற்குச் செய்யும் வழிபாடே.