இழந்த கூலி

கபடிக்குள்ள காசு வந்ததும் ஆட்டம் கெட்டுப்போச்சு என்று வருத்தப்படுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. நல்லவர்கள்தான். ஆனால் அவர்களில் ஒருவரும் கீழ்புத்துப்பட்டுப் பக்கம் உப்பளத்தில் நாள்கூலிக்கு நின்றவர் இல்லை. மரக்காணம் உப்பளத்தில் வெயில் காய்கிற மாதங்களில்தான் வேலை. அன்றைக்கு ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. முட்டி பிசகினால் அந்த மாசமே போச்சு.

இதே கணக்குதான் இங்கிலாந்தில் ரக்பியை இரண்டாகப் பிளந்தது. வடக்கே சுரங்கத்திலும் மில்லிலும் உழைத்தவர்கள் ஆட்டத்துக்காக இழந்த கூலியை மட்டும் கேட்டார்கள். 1893-ல் ரக்பி சங்கம் மறுத்துவிட்டது. காசு வாங்கினால் ஆட்டத்தின் தூய்மை போய்விடுமாம். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஓட்டலில் கூடி வடக்குக் கிளப்புகள் பிரிந்தன. ஒரு நாளுக்கு 6 ஷில்லிங். இன்றைய ரக்பி லீக்கின் தொடக்கம் அதுதான். 1898-ல் ஆட்டத்துக்கே சம்பளம் தரலாம் என்றார்கள், ஆனால் வீரருக்கு வெளியே ஒரு வேலையும் இருந்தாக வேண்டும்! ஆடிப் பிழைப்பவன் சோம்பேறி என்கிற சந்தேகம் அவர்களையும் விடவில்லை.

என் ஆபீஸ் கிரிக்கெட் போட்டி வேலைநாளில் நடக்கும். சம்பளம் பிடிக்க மாட்டார்கள். எங்களை யாரும் காசுக்கு ஆடுகிறவர்கள் என்று சொன்னதில்லை. தூய்மை என்பது மாசச் சம்பளக்காரனுக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

நம்மூரில் ரயில்வே, போலீஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைதான் நெடுநாள் அந்த 6 ஷில்லிங்காக இருந்தது. 2014-ல் புரோ கபடி லீக் வந்தபோது தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதனுக்கு 39 வயது. மற்றவர்கள் பயிற்சியாளராகிவிடும் வயசு. 2016-ல் அவர் தலைமையில் பாட்னா கோப்பையை வென்றது, அதே ஆண்டு உலகக்கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். எல்லாருக்கும் அவர் ‘அண்ணா’.

ஏலம் என்ற சொல் எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. 6 ஷில்லிங் ஒரு மனுஷனின் நாளை ஈடுகட்டியது. ஏலம் மனுஷனுக்கே விலை வைக்கிறது. இது வேறு விஷயம், தனியாகச் சண்டை போட வேண்டியது. அதற்காகக் காசே வேண்டாம் என்பவர்களோடு என்னால் சேர முடியாது. 2014-ல் 45 வயதாகியிருந்தவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் பக்கம் டோர்னமெண்ட் இன்னும் ராத்திரியில்தான். அரையிறுதிக்கு மணி ரெண்டாகிவிடும். விடிகாலை உப்பளத்துக்குப் போக வேண்டியவன் அதற்கு முன்பே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.