உடம்பாகிய கோயிலில் மூச்சாகிய வழிபாடு

மானிடப் பிறவி கிடைத்தற்கரியது என்பது சைவப் பெரியோர் கொள்கை. அப்பிறவியைத் தாங்கி நிற்பது உடம்பு. உடம்பைத் தாங்கி நிற்பது மூச்சு. முன்னர் உடம்பை இழிவென எண்ணியிருந்ததாகவும், அதனுள்ளே இறைவன் கோயில்கொண்டிருத்தலைக் கண்டபின் அதனைப் பேணியதாகவும் திருமூல நாயனார் திருமந்திரத்தில் அருளியுள்ளார். ஆலயத்துக்குக் குடமுழுக்குச் செய்யும் அடியார்கள் இந்த ஆலயத்தையும் மறக்கலாகாது.

தேர்த்திருவிழா நாளொன்றை எண்ணிப் பார்ப்போர்க்கு இக்காட்சி புதிதன்று. பருத்த உடம்புடைய ஓர் அடியவர் ஆவலுடன் வடம் பிடிக்கின்றார். தேர் தெற்கு வீதியைத் தாண்டுமுன் அவருக்கு மூச்சு வாங்குகின்றது. வடத்தை விட்டு மதிலோரம் நிற்கின்றார். “சாப்பாட்டைக் குறைச்சால் என்னவாம்?” என்று ஒருவர் சொல்ல, நாலுபேர் சிரிக்கின்றனர். அடுத்த ஆண்டு அவர் தேருக்கு வருவதில்லை. நாளடைவில் வெள்ளிக்கிழமைப் பூசைக்கும் வருவதில்லை. சிரித்தவர்கள் அதனைக் கவனிப்பதுமில்லை. பேழை வயிற்றோனாகிய பிள்ளையாரின் சந்நிதியில் நின்றுகொண்டே அடியவர் ஒருவரின் வயிற்றைப் பார்த்து நகைப்பது எவ்வளவு பெரிய பிழை!

அவருக்கு மூச்சு வாங்குவது ஏன்? நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே பிரிமென்றகடு என்னும் தசை குவிந்த கூரைபோல அமைந்துள்ளது. மூச்சை உள்ளிழுக்கும்போது அது கீழிறங்க, விலா என்புகள் மேலெழ, சுவாசப்பை விரிகின்றது. வயிற்றில் கொழுப்பு மிகுந்தால் பிரிமென்றகடு இறங்குவதற்குத் தடை உண்டாகின்றது. நெஞ்சின் மேலுள்ள பாரத்தையும் ஒவ்வொரு மூச்சிலும் தூக்கவேண்டியுள்ளது. நிமிடத்துக்கு 15 மூச்சு எனக் கொண்டால் நாளொன்றுக்கு 21,600 மூச்சாகும். யோக நூல்கள் கூறும் தொகையும் இதுவே. மற்றவர்கள் அறியாமலே விடும் இத்தனை மூச்சையும் அவர் சுமையோடு விடுகின்றார். படுத்தால் வயிறு மேல்நோக்கி அமுக்கும். உறக்கத்தில் தொண்டை ஒடுங்கிக் குறட்டையும் மூச்சுத் தடங்கலும் வரலாம். அதனால் பகலில் கண்ணயர்வு உண்டாகும். அதனைச் சோம்பல் என்று பழிப்பது அறியாமை.

இங்கே ஆறுதலான செய்தி ஒன்றுண்டு. கைகால்களைப் போலவே மூச்சுத் தசைகளும் பயிற்சியால் வலுப்பெறும். மூச்சை உள்ளிழுக்கும்போது சுருள்வில்லினால் தடை கொடுக்கும் கையடக்கமான கருவிகளை மருத்துவ உலகம் பயன்படுத்துகின்றது. அவற்றைக்கொண்டு பயின்ற பருத்த உடம்பினரின் மூச்சுத் தசைகள் வலுவடைந்ததையும், அவர்கள் 6 நிமிடத்தில் நடக்கும் தூரம் கூடியதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. 2021 இல் அமெரிக்காவின் கொலராடோப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், குருதி அமுக்கம் கூடிய, 50 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்தில் 6 நாள், நாளுக்கு 30 மூச்சு வீதம் 6 வாரம் பயின்றபோது, மேல் அமுக்கம் சராசரியாக 9 அலகு குறைந்தது. எனினும் மூச்சுப் பயிற்சி மட்டும் உடம்பின் பருமனைக் குறைத்துவிடும் என்று எண்ணலாகாது. அதற்கு உணவில் அளவும் நடையும் வேண்டும். நடப்பதற்கு வேண்டிய மூச்சைத் தருவதே இப்பயிற்சியின் பயன்.

ஆலயத்தில் ஒலிக்கும் சங்கும் இதற்குச் சான்று பகர்கின்றது. 2025 இல் வெளியான ஜெய்ப்பூர் ஆய்வொன்றில் உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் 30 பேர் பங்குகொண்டனர். அவர்களுள் ஒரு பகுதியினர் வாரத்தில் 5 நாள், 15 நிமிடமேனும், 6 மாதம் சங்கு ஊதிப் பயின்றனர். அவர்களின் பகலுறக்கம் 34 சதவீதம் குறைந்தது. ஆய்வு சிறிதே, ஆயினும் தொண்டைத் தசைகளும் பயிற்சிக்கு இசைவன என்பதை அது உணர்த்துகின்றது.

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் பிராணாயாமத்தை விரித்துரைக்கின்றது. அதில் மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகம் குருவின் துணையுடன் பயிலவேண்டியது. இருதய நோயும் உயர் குருதி அமுக்கமும் உடையோர் அதனைத் தாமாகத் தொடங்குதல் ஆகாது. எளிய முறை எவர்க்கும் உண்டு. நிமிர்ந்திருந்து, ஒரு கையை வயிற்றின்மேல் வைத்து, வயிறு மெல்ல எழும்படி மூக்கினால் நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுதல் வேண்டும். காலையும் மாலையும் ஐந்து நிமிடம் போதும். எண்ணுவதற்குப் பதிலாகத் திருவைந்தெழுத்தை நினைந்தால் அதுவே வழிபாடாகும். தேவாரத்தை வாய்விட்டு நீட்டிப் பாடுதலும் நல்ல மூச்சுப் பயிற்சியே. தலைசுற்றினால் நிறுத்தவேண்டும். நெஞ்சு நோவோ, கால் வீக்கமோ, படுக்க முடியாத மூச்சிரைப்போ இருந்தால் விபூதி பூசியதோடு நின்றுவிடாமல் உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும். கருவிப் பயிற்சியும் வைத்தியர் அல்லது இயன்மருத்துவர் சொற்படியே செய்யத்தக்கது.

அடியார் கூட்டத்துக்கும் ஒரு கடமையுண்டு. வீதிவலம் வர இயலாதவருக்கு மண்டபத்தில் ஓர் இருக்கை கொடுப்பதும், மெல்ல நடப்பவரோடு தாமும் மெல்ல நடப்பதும் சிவதொண்டே. மூன்று முறை சுற்ற இயலாதவர் ஒரு முறை சுற்றட்டும். இடையில் இருந்து இளைப்பாறட்டும். இவ்வாண்டு பாதி வீதி வந்தவர் அடுத்த ஆண்டு முழு வீதியும் வரக்கூடும். மதிலோரம் நின்றவர் மீண்டும் வடம் பிடிக்கும் நாளே தேர்த்திருவிழா நிறைவுறும் நாள். மூச்சைத் தந்த பெருமான் அதனைப் பேணும் மனவுறுதியையும், பிறர் மூச்சின் அருமையை உணரும் கருணையையும் அனைவர்க்கும் அருள்வாராக.

சுபம்.