உண்மை யாருக்கு உரியது?

ஒருவர் செய்த பிழையை உலகில் வேறு எவரும் அறியாதபோது, அதைத் தாமே எடுத்துச் சொல்லும் கடமை அவருக்கு உண்டா? உண்டு என்று சொல்லிவிடுவது எளிது. யாரிடம் சொல்வது, எதுவரை சொல்வது என்பதுதான் கடினம். நியூயார்க் நகரின் வணிகப் பகுதியான மன்ஹாட்டனில் 1978-ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி இவ்விரு கேள்விகளையும் ஒருசேர எழுப்புகிறது.

லெக்சிங்டன் அவென்யூவும் 53-ஆம் தெருவும் கூடும் இடத்தில், 59 மாடிகளும் 279 மீட்டர் உயரமும் கொண்ட சிட்டிகார்ப் சென்டர் என்னும் கட்டடம் 1977-இல் எழுந்தது. மேலே வங்கி அலுவலகங்கள். கீழே கடைகள், உணவகங்கள், சுரங்க ரயில் நிலையத்துக்கு வழி. ஒரு மூலையில் தேவாலயம். அந்த மூலை நிலம் முன்பே புனித பீட்டர் லூத்தரன் தேவாலயத்துக்குச் சொந்தமாக இருந்தது. தங்கள் இடத்துக்கு மேலே கட்டிக்கொள்ளும் உரிமையை விற்கச் சபையார் இசைந்தனர். ஆனால் அதே மூலையில் தனித்து நிற்கும் புதிய ஆலயம் வேண்டும், கோபுரத்தின் தூண் எதுவும் அதன் ஊடே இறங்கக் கூடாது என்றனர். வங்கி அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே அம்மாபெரும் கட்டடத்தைத் தாங்கும் நான்கு தூண்களும், வழக்கம்போல் மூலைகளில் நில்லாமல், நான்கு பக்கங்களின் நடுவே சுமார் ஒன்பது மாடி உயரத்துக்கு எழுந்து நிற்கின்றன. கோபுரத்தின் மூலைகள் அந்தரத்தில் தொங்குவதுபோல் தோன்றும்.

இந்த அமைப்பை வகுத்த பொறியாளர் வில்லியம் லெமெஷூரியர். 1978-இல் ஒரு மாணவர் தொலைபேசியில் அழைத்து, தூண்கள் இடம் மாறி நிற்பதைப் பற்றிக் கேட்டதாக அவர் பின்னாளில் கூறினார். புகழ்பெற்ற ஒருவர் மாணவரின் கேள்வியைப் புன்னகையோடு ஒதுக்கியிருக்கலாம். அவர் பொறுமையாக விளக்கினார்; விளக்கியபின் தாமே மீண்டும் கணக்கிட்டார். பக்கங்களில் நேராக மோதும் காற்றைக் கணக்கிட்டால் போதும் என்பது அன்றைய நகரக் கட்டட விதி. மூலைகளை நோக்கிச் சாய்வாக வீசும் காற்றுக்குக் கணக்கிட்டபோது, சில எஃகுச் சட்டங்களில் அழுத்தம் 40 சதவீதம் கூடுவதைக் கண்டார். போதாக்குறைக்கு, அச்சட்டங்களின் இணைப்புகள் அவர் கருதியிருந்தபடி பற்றவைக்கப்படாமல் திருகாணிகளால் முடுக்கப்பட்டிருந்தன. செலவைக் குறைப்பதற்காகச் செய்த அந்த மாற்றம் அவருடைய காதுக்கு எட்டியதே தாமதமாகத்தான். கட்டடத்தின் ஆட்டத்தைத் தணிக்க உச்சியில் வைத்திருந்த 400 டன் கான்கிரீட் பாளம் மின்தடையால் இயங்காமற்போனால், சராசரியாக 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய புயலே கோபுரத்தைச் சாய்த்துவிடும் என்று அவர் கணக்கு காட்டியது.

அக்கணத்தில் தம் மனத்தில் எழுந்த எண்ணங்களை அவரே பிற்காலத்தில் ஒளிக்காமல் சொன்னார். பேசாமல் இருந்துவிடலாம், உயிரை மாய்த்துக்கொள்ளலாம், அல்லது உண்மையைச் சொல்லலாம். சொன்னால் பெயர் போகும், வழக்கு வரும், தொழிலும் போகலாம். அவர் சொன்னார். கட்டடக் கலைஞரிடமும், காப்பீட்டாரிடமும், வங்கியின் தலைவரிடமும் பிழையைத் தாமே எடுத்து வைத்தார். குற்றம் சாட்ட யாரும் இல்லாத இடத்தில் தம்மைத் தாமே நிறுத்திக்கொண்ட அந்தச் செயல், எந்த அளவுகோலால் அளந்தாலும் பெரிது. காப்பீட்டு நிறுவனம்கூட இறுதியில் அவருடைய காப்பீட்டுக் கட்டணத்தைக் குறைத்தது என்பார்கள். வணிகக் கணக்கிலும் நேர்மைக்கு ஒரு விலை உண்டு போலும்!

கதையின் மறுபாதி இவ்வளவு ஒளி பொருந்தியதன்று. அலுவலர்கள் வீடு திரும்பியபின், இரவு நேரங்களில், 200-க்கும் மேற்பட்ட இணைப்புகளின்மீது இரண்டு அங்குல எஃகுத் தகடுகள் பற்றவைக்கப்பட்டன. காலையில் ஊழியர்கள் வருமுன் எல்லாம் துடைத்துத் துப்புரவாக்கப்படும். நகர அதிகாரிகளுக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் செய்தி சொல்லப்பட்டது. சுற்றுப்புறத்து மக்களை வெளியேற்றத் திட்டமும் வகுக்கப்பட்டது. ஆனால் வெளியேற வேண்டிய மக்களுக்கு மட்டும் எதுவும் தெரியாது. ஆபத்து எதுவும் இல்லை என்ற பொருளில் ஓர் அறிக்கை வந்தது. ஆகஸ்ட் 10 அன்று நகரின் பெரிய செய்தித்தாள்களில் தொடங்கிய வேலைநிறுத்தம், கேள்வி கேட்பாரும் இல்லாமல் செய்தது. செப்டம்பர் தொடக்கத்தில் எல்லா என்னும் சூறாவளி கடலில் வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்தது. வேலை பாதிதான் முடிந்திருந்தது. நல்லவேளையாகப் புயல் திசைமாறிக் கடலுக்குள் விலகிச் சென்றது.

மக்களிடம் சொல்லியிருந்தால் பீதி விளைந்திருக்கும், நெரிசலிலேயே சிலர் இறந்திருக்கக்கூடும் என்ற வாதம் வலுவற்றதன்று. நோயாளியின் நிலையை உறவினரிடம் மட்டும் கூறும் மருத்துவர்கள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். எனினும் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சொல்லாமல் இருப்பது வேறு. ஆபத்து இல்லை என்று சொல்வது வேறு. குருட்சேத்திரத்தில் தருமபுத்திரர் அசுவத்தாமன் என்ற பெயரை உரக்கச் சொல்லி, யானை என்பதைத் தாழ்ந்த குரலில் சொன்னபோது, தரையைத் தொடாமல் ஓடிய அவருடைய தேர் மண்ணில் இறங்கியது. அங்கும் காரணம் இருந்தது. கண்ணனே துணை நின்றான். ஆயினும் தேர் இறங்கியது. அந்த அறிக்கை எத்தனை நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டிருந்தாலும், அதை நம்பி மறுநாள் காலை அந்தத் தூண்களின்கீழ் நடந்து வேலைக்குச் சென்றவருடைய உயிரைப் பற்றிய முடிவை, அவரைக் கேளாமலே வேறு சிலர் எடுத்துவிட்டனர்.

விளைவு நன்றாக முடிந்ததே என்று இதைத் தள்ளிவிட முடியாது. புயல் விலகியது எவருடைய நேர்மையாலும் அன்று. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அந்தக் கட்டடத்துக்கு மூலைக்காற்றைவிட நேர்க்காற்றே கடுமையானது என்று காட்டி, 1978-ஆம் ஆண்டின் கணக்கையே மறுபரிசீலனைக்கு உள்ளாக்கியிருக்கிறது. அதனால் லெமெஷூரியர் பேசியது வீண் என்று ஆகிவிடுமா? ஆகாது. அவர் அன்று அறிந்ததைக் கொண்டு அன்று செய்ய வேண்டியதைச் செய்தார். அதே நியாயப்படி, மக்களிடம் மறைத்ததையும் அன்று அவர்கள் அறிந்திருந்ததைக் கொண்டுதான் எடைபோட வேண்டும். பின்னால் ஒன்றும் நடக்கவில்லை என்பதைக் கொண்டு அன்று.

1995-இல் நியூ யார்க்கர் இதழ் எழுதிய பிறகே செய்தி வெளியே வந்தது. அதுவரை 17 ஆண்டுகள், உயர்ந்த கட்டடங்களை எழுப்பிக்கொண்டிருந்த மற்றப் பொறியாளர்களுக்கும் அந்தப் பாடம் கிட்டவில்லை. லெமெஷூரியர் 2007-இல் காலமானார். கோபுரம் வேறு பெயரோடு இன்றும் நிற்கிறது. 2016-இல் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. தேவாலயமும் அதே மூலையில் இருக்கிறது. 1978-ஆம் ஆண்டின் அந்தக் கோடையில் அங்கே எழுதுவினைஞராகவும், கடை ஊழியராகவும், வழிபட வந்தவராகவும் இருந்தவர்களுள், 1995 வரை உயிரோடு இருந்தவர்கள் மட்டுமே தாங்கள் எதன்கீழ் நடமாடினோம் என்பதை அறிந்துகொண்டனர்.